பையனின் பள்ளி மெயிலை முடக்கிவிட்டார்கள். ஊர்ப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட், பிள்ளைகளின் மெயிலைப் படிக்கலாமா?

வேம்பு_டாலஸ்:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். பையன் ஏழாம் வகுப்பு, பெண் இரண்டாம் வகுப்பு. போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனதைப் போட்டுக் குடைகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் ஏழாம் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார், ஃபீல்ட் ட்ரிப் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள் என்று. ஒரு பிள்ளை அதற்கு ரிப்ளை ஆல் போட்டு மதியச் சாப்பாடு உண்டா என்று கேட்டிருக்கிறது. அப்புறம் கேட்க வேண்டுமா, "இதை நிறுத்துங்கள்" என்று ஒருவன் எல்லோருக்கும் அனுப்ப, "முதலில் நீ நிறுத்து" என்று இன்னொருவன் எல்லோருக்கும் அனுப்ப, இரவு 10 மணிக்குள் 300 மெயிலைத் தாண்டிவிட்டது. என் பையன் அனுப்பியது நான்கு. மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் ஒரு வாத்தியாரின் படத்தை வைத்து மீம் செய்து போட்டிருக்கிறான். தப்புதான், அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. வீட்டிலேயே நன்றாக வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை கணக்கு முடக்கம், இரண்டு வாரத்துக்கு. எனக்குச் சிக்கலே அங்கேதான். வீட்டுப்பாடம் வரும் கூகிள் கிளாஸ்ரூமும் அதே கணக்குதான், டாக்ஸும் ஸ்லைடும் அதேதான். பாதி செய்த அறிவியல் ப்ராஜெக்ட் உள்ளே மாட்டிக்கொண்டது, திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

பிரின்சிபாலைப் பார்க்கப் போனேன். அந்த நான்கு மெயிலையும் அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார்கள். அது பரவாயில்லை, எல்லோருக்கும் போனவைதானே. ஆனால் அடியில் ஐந்தாவதாக ஒரு தாள் இருந்தது. அவன் ஒரே ஒரு நண்பனுக்கு மட்டும் எழுதியது, மூன்று வாரத்துக்கு முந்தையது, தங்கை அவனுடைய லெகோவை உடைத்துவிட்டாள் என்று புலம்பியிருக்கிறான். அதில் கெட்டது ஒன்றும் இல்லை, அவர்களும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனாலும் என் பிள்ளையின் கடிதத்தை யாரோ பிரித்து வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆகஸ்டில் பள்ளிப் பதிவு செய்யும்போது ஏதேதோ பெட்டிகளில் டிக் அடித்தோமே, அதில் பள்ளிக் கணக்குக்கான விதிமுறையும் ஒன்று. இப்போதுதான் தேடி எடுத்துப் படிக்கிறேன், 11 பக்கம். "இந்தக் கணக்கில் அந்தரங்கம் எதிர்பார்க்க வேண்டாம்" என்று மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. சரி, அப்படியானால் யார் வேண்டுமானாலும் படிக்கலாமா? தண்டனை என்று சொல்லி வீட்டுப்பாடத்தையே நிறுத்தலாமா? அவனைப் பற்றி டீச்சர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மெயில்களை நான் கேட்டு வாங்க முடியுமா? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் இதே மெயிலைத்தான் கொடுத்திருந்தேன், அங்கிருந்து அனுப்பிய ஒன்றுகூட அவனுக்கு வரவேயில்லை என்பதும் இப்போதுதான் தெரிகிறது. அது ஏன்?

சர்வர்_அறை:

அக்கா, நானும் டெக்சாஸில்தான், வேறொரு டிஸ்ட்ரிக்டின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். உங்கள் டிஸ்ட்ரிக்டின் சார்பாகப் பேச முடியாது, எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ரிப்ளை ஆல். அதில் பெரிய தப்பு பிள்ளைகளுடையது இல்லை. குரூப் முகவரிக்கு யார் யார் எழுதலாம் என்று அட்மின் பக்கத்தில் ஒரு அமைப்பு உண்டு. அதை "ஊழியர்கள் மட்டும்" என்று வைத்திருந்தால் முதல் பிள்ளை கேட்ட சாப்பாட்டுக் கேள்வியே வெளியே போயிருக்காது. அல்லது கவுன்சிலர் அந்த முகவரியை, பெறுபவர்களுக்குத் தெரியாமல் மறைக்கும் பிசிசியில் போட்டிருந்தாலும் போதும், பதில் அவருக்கு மட்டும்தான் போயிருக்கும். எங்களிடம் ஒருமுறை இப்படி நடந்து, விடிய விடிய உட்கார்ந்து அழித்தோம், அன்றைக்கே எல்லா மாணவர் குரூப்பையும் பூட்டிவிட்டோம். இதைப் பிரின்சிபாலிடம் தைரியமாகச் சொல்லுங்கள். மீம் உங்கள் பையனின் பொறுப்பு, மீதி 300 மெயிலை அவன் தலையில் கட்ட முடியாது.

படிக்கலாமா என்றால், படிக்கலாம். கணக்கு டிஸ்ட்ரிக்டுடையது, பிள்ளை அதைப் பயன்படுத்துகிறான், அவ்வளவுதான். பள்ளிகளுக்கு இணையக் கட்டணத்தில் ஈ-ரேட் என்று மத்திய அரசுச் சலுகை வருகிறது. அது வேண்டுமென்றால் 2000-இல் வந்த சிப்பா என்ற பிள்ளைகளின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட தளங்களைத் தடுக்கும் ஃபில்டர் போட்டாக வேண்டும், பிள்ளைகள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று கண்காணிக்கும் கொள்கையும் இருக்க வேண்டும். ஆனால் யாரும் உட்கார்ந்து ஒவ்வொரு மெயிலாகப் படிப்பதில்லை, அதற்கு ஆளும் கிடையாது. மென்பொருள் சில சொற்களைத் தேடும், தற்கொலை, ஆயுதம், மிரட்டல் என்று. மாட்டியது மட்டும்தான் ஒரு மனிதரின் கண்ணுக்கு வரும்.

லெகோ மெயிலில் அப்படி எந்தச் சொல்லும் இருந்திருக்காது. அப்படியானால் யாரோ உங்கள் பையனின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். கூகிளில் வால்ட் என்று ஒரு கருவி உண்டு, ஆள், தேதி கொடுத்தால் எல்லாவற்றையும் இழுத்துத் தந்துவிடும், பயனர் அழித்திருந்தாலும், வைத்திருக்கச் சொன்ன காலம் முடியாத வரை அதில் இருக்கும். எங்கள் இடத்தில் அப்படித் தேட பிரின்சிபால் எழுத்தில் கேட்க வேண்டும், மேலே இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிக்க வேண்டும். ஒரு இரவு நடந்த விஷயத்துக்கு மூன்று வாரம் பின்னால் போனது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். யார் தேடினார், எந்த நேரம் என்பதெல்லாம் பதிவில் இருக்கும்.

கிளாஸ்ரூம் விஷயம்: ஜிமெயிலுக்கு ஒரு சுவிட்ச், கிளாஸ்ரூமுக்கு வேறு சுவிட்ச். கணக்கையே சஸ்பெண்ட் செய்தால் எல்லாம் போகும். ஜிமெயில் நிறுத்தப்பட்ட பிரிவுக்கு அவன் பெயரை நகர்த்தினால் மெயில் மட்டும் போகும், பாடம் ஓடும். சில கிளிக் வேலை, பலன் தெரிய சில சமயம் ஒரு நாள் ஆகலாம். யாரோ அவசரத்தில் சுலபமான பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். "சஸ்பெண்ட் வேண்டாம், ஜிமெயிலை மட்டும் நிறுத்துங்கள்" என்று இந்த வார்த்தைகளிலேயே எழுதுங்கள்.

தமிழ்ப் பள்ளி மெயில் வராததற்குக் காரணம் எளிது. சின்ன வகுப்புகளுக்குப் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டுக்குள் மட்டும்தான் போக்குவரத்து, வெளி முகவரி எதுவும் உள்ளே வராது, அனுப்பியவருக்குத் திரும்பி வந்திருக்கும் அல்லது சத்தமில்லாமல் விழுந்திருக்கும். அங்கே உங்கள் முகவரியைக் கொடுங்கள்.

வகுப்பறை_ஜன்னல்:

நான் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஊழியர்கள் பக்கத்தையும் சொன்னால்தான் வேம்புவின் மூன்றாவது கேள்விக்குப் பதில் வரும்.

எங்களுக்கும் அதே விதிதான், இன்னும் கடுமையாக. டிஸ்ட்ரிக்ட் மெயிலில் நான் எழுதும் எதையும் நாளை ஒரு பெற்றோரோ பத்திரிகைக்காரரோ கேட்டு வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், பொது ஆவணச் சட்டம் அப்படி. சொந்த ஜிமெயிலில் எழுதித் தப்பிக்கவும் முடியாது. சான் ஹோசே நகர வழக்கில் 2017-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு வேலையைப் பற்றியதென்றால் சொந்தக் கணக்கில் இருந்தாலும் அது பொது ஆவணம்தான். அதனால் பெற்றோர் யாராவது வாட்ஸாப்பில் மார்க் கேட்டால் நான் பதில் போடுவதில்லை, டிஸ்ட்ரிக்ட் மெயிலுக்கு எழுதுங்கள் என்று மட்டும் சொல்வேன். சிலருக்கு அது கோபம், "நம்ம ஆள்தானே" என்பார்கள். நம்ம ஆள் என்பதால்தான் இன்னும் கவனமாக இருக்கிறேன்.

மாணவர் பெயரை மெயில் தலைப்பில் போடமாட்டோம், முதலெழுத்துகள் மட்டும். தேர்தல் சமயத்தில் யாருக்கு ஓட்டு என்று டிஸ்ட்ரிக்ட் மெயிலில் ஒரு வரி எழுதக் கூடாது, கலிஃபோர்னியாவில் கல்விச் சட்டமே பள்ளியின் பணத்தையும் பொருளையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்தத் தடை செய்கிறது. வீடு விற்பனை, நவராத்திரிக் கொலு அழைப்பு, நன்கொடை வசூல் எதுவும் கூடாது. பெற்றோர் பலருக்கு ஒரே மெயில் என்றால் எல்லோரும் பிசிசியில்.

இவ்வளவு தெரிந்தும் எனக்கே ஒருமுறை நடந்தது. என் இரண்டு பீரியடில் ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகள், இரண்டும் இந்தியக் குடும்பம். மாலை 4 மணிக்கு, கிளம்பும் அவசரத்தில், முகவரிப் பெட்டியில் மூன்று எழுத்து அடித்ததும் அதுவாக நிரப்பியதை நம்பி அனுப்பிவிட்டேன். ஒரு பிள்ளை இரண்டு தேர்வில் தோற்றது, அதற்கு உதவி வகுப்பு ஏற்பாடு செய்தது எல்லாம் இன்னொரு பிள்ளையின் அம்மாவுக்குப் போய்விட்டது. அவர் ஐந்து நிமிடத்தில் "இது என் மகள் இல்லை" என்று பதில் எழுதினார். அன்று இரவே பிரின்சிபாலிடம் சொன்னேன், மறுநாள் அந்தப் பிள்ளையின் பெற்றோரை அழைத்து நேரில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அப்பா கோபப்படவே இல்லை, "எத்தனை பேருக்குத் தெரியும்" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து முகவரியைக் கடைசியில்தான் நிரப்புகிறேன், மெயில் முழுதும் எழுதி முடித்த பிறகு. சக ஆசிரியர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன்.

ஃபில்லி_அப்பா:

சர்வர்_அறை தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிப்பா சட்டம் கண்காணிப்புக் கொள்கை வேண்டும் என்கிறது, உண்மை. ஆனால் தனித்தனிப் பிள்ளையாகப் பின்தொடர வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றும் அதே சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. "சட்டம் சொல்கிறது, அதனால் செய்கிறோம்" என்று டிஸ்ட்ரிக்ட் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம், பாதி அவர்களே எடுத்த முடிவு.

நான் இருப்பது ஃபிலடெல்ஃபியா பக்கம். இங்கே லோயர் மெரியன் டிஸ்ட்ரிக்டில் 2010-இல் வெடித்த விவகாரத்தை யாரும் மறக்கவில்லை. பள்ளி கொடுத்த லேப்டாப்பின் கேமரா, தொலைந்த மெஷினைக் கண்டுபிடிக்க என்று வைத்த வசதி, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருந்தது. ஒரு மாணவரை அவர் படுக்கையறையில் எடுத்த படத்தைப் பள்ளியில் காட்டிப் பேசியபோதுதான் விஷயமே வெளியே வந்தது. கடைசியில் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். நல்ல காரணத்துக்கு என்று வைத்த கருவிதான் அது, அதனால்தான் சொல்கிறேன்.

வேம்பு, உங்களிடம் இருக்கும் உரிமை ஃபெர்பா, 1974-ஆம் வருடச் சட்டம். பிள்ளைக்கு 18 வயதாகும் வரை, அல்லது கல்லூரியில் சேரும் வரை, அவனுடைய கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. எழுத்தில் கேளுங்கள், 45 நாளுக்குள் காட்ட வேண்டும். அந்த ஐந்து தாளும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் போயிருந்தால் அதுவும் கல்விப் பதிவுதான், தவறாகவோ அந்தரங்கத்தை மீறியோ எதாவது இருந்தால் திருத்தக் கேட்கலாம். அந்த லெகோ தாளை எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் டைரக்டரி தகவல் என்று ஒன்று. பெயர், முகவரி, போன், மெயில் முகவரி இவற்றைப் பள்ளி உங்கள் சம்மதம் கேட்காமலே வெளியே கொடுக்கலாம், நீங்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத வரை. ஒவ்வொரு வருடமும் அந்தப் படிவம் வரும், பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ஆனால் கவனம், சில இடங்களில் மொத்தமாக வேண்டாம் என்றால் பள்ளி ஆண்டு மலரான இயர்புக்கில் பெயரும் படமும் வராது. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வழி உண்டா என்று கேட்டுவிட்டு டிக் அடியுங்கள்.

வகுப்பறை_ஜன்னல்:

ஃபில்லி அப்பா சொன்னதெல்லாம் சரி, ஒரே ஒரு திருத்தம். பிள்ளையின் பெயர் வரும் மெயில் எல்லாமே ஃபெர்பாவின்படி கல்விப் பதிவு ஆகாது. துலாரே கவுண்டி வழக்கில் 2009-இல் இங்கே கூட்டாட்சி நீதிமன்றம், மெயிலை அச்சிட்டுப் பிள்ளையின் கோப்பில் வைத்துப் பராமரித்தால்தான் பதிவு, இன்பாக்ஸில் கிடப்பது எல்லாம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. இது கலிஃபோர்னியாவில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் பார்வை, டெக்சாஸை அது கட்டுப்படுத்தாது. ஆனால் டிஸ்ட்ரிக்ட் வக்கீல்கள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அதனால் "எல்லா மெயிலும் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த மூன்று பேர், இந்தச் சம்பவம் பற்றி என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் குறிப்பாகப் பதில் வரும். நாங்களும் தேடிக் கொடுக்க முடியும்.

சர்வர்_அறை:

லோயர் மெரியன் பற்றி ஃபில்லி அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. எங்கள் புது ஆட்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

டெக்சாஸில் ஃபெர்பா கைகொடுக்காவிட்டால் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 10 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், அல்லது எந்தத் தேதியில் கொடுப்போம் என்றாவது சொல்ல வேண்டும். தர விருப்பமில்லை என்றால் மாநிலத்தின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பெயரைக் கறுப்படித்துத்தான் தருவார்கள், அது நியாயம். கலிஃபோர்னியா போலவே இங்கும் 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஊழியரின் சொந்த போனில் இருந்தாலும் அலுவலகச் செய்தியை ஒப்படைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

பெற்றோர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்று: சொந்த போன், சொந்த கணக்கு, வீட்டில் இருந்து எழுதியது என்றால் பள்ளியின் கை அவ்வளவு நீளாது. பென்சில்வேனியாவின் மஹனோய் டிஸ்ட்ரிக்ட் வழக்கில் 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு மாணவி சனிக்கிழமை கடையில் நின்றுகொண்டு ஸ்னாப்சாட்டில் திட்டியதற்குப் பள்ளி தண்டித்தது செல்லாது என்றது, 8-க்கு 1. பள்ளிக் கணக்கில் எழுதினால் அந்தப் பாதுகாப்பை நம்ப வேண்டாம், இரவு 10 மணிக்கு அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு அனுப்பினாலும் சரி. க்ரோம்புக் லேப்டாப் பள்ளியுடையதா வீட்டுடையதா என்பதைவிட எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறான் என்பதைத்தான் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் க்ரோம் உலாவியில் பள்ளிக் கணக்கைப் போட்டுவிட்டு அப்படியே அப்பா பேங்க் வேலை பார்க்கிற வீடுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து தனி ப்ரொஃபைல் வையுங்கள்.

மூத்தவள்_கல்லூரி:

குறுக்கே ஒன்று, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை உள்ளவர்களுக்கு. என் பெண் கல்லூரி விண்ணப்பம், எஸ்.ஏ.டி. கல்லூரி நுழைவுத் தேர்வுப் பதிவு எல்லாவற்றையும் பள்ளி மெயிலில் செய்துவைத்தாள். இரண்டு கல்லூரியின் மெயில் ஃபில்டரில் நின்றுபோய், அவள் பார்க்காமல் ஒரு உதவித்தொகைக் கெடு போய்விட்டது. பள்ளி முடிந்து அந்தக் கோடையிலேயே கணக்கு மூடினார்கள், நான்கு வருடக் கட்டுரைகள் உள்ளே இருந்தன. கூகிள் டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம், சில டிஸ்ட்ரிக்ட் அதையும் தடுத்துவைத்திருக்கும், அதனால் மே மாதத்துக்கு முன்பே முயன்று பாருங்கள். பதினோராம் வகுப்பு தொடங்கும்போதே சொந்தமாக ஒரு முகவரி ஆரம்பித்துக் கொடுங்கள்.

வேம்பு_டாலஸ்:

எல்லோருக்கும் மனமார நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சர்வர்_அறை தம்பி சொன்ன அதே வார்த்தைகளில் பிரின்சிபாலுக்கு எழுதினேன், அன்று மதியமே பதில், மறுநாள் காலை கிளாஸ்ரூம் திறந்துவிட்டது, மெயில் மட்டும் இன்னும் இல்லை. ப்ராஜெக்டை நேரத்தோடு கொடுத்துவிட்டான். குரூப் முகவரியையும் பூட்டிவிட்டார்களாம். ஐந்தாவது தாள் பற்றிக் கேட்டபோது, ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தேடியதில் வந்துவிட்டது, அது தேவையில்லாததுதான் என்று ஒப்புக்கொண்டு கோப்பிலிருந்து எடுத்து என் கையிலேயே கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். அந்தத் தாள் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. எனக்கு அதற்குமேல் மெயில் கேட்டு மனுப்போட மனம் வரவில்லை, இப்போதைக்கு.

பையன் அந்த வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். மெயில் இல்லையே அம்மா என்றான். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டு, மூன்றாவதை மடித்து எடுத்துப்போனான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி, சின்னவளைப் பற்றி. அவளுடைய க்ரோம்புக் பாஸ்வேர்டு பிறந்த தேதி, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்கிறாள், பக்கத்தில் உட்காரும் பெண்ணுடையது இவளுக்கு மனப்பாடம். இதை யாரிடம் சொல்வது, டீச்சரிடமா, ஐ.டி.க்கா?

சர்வர்_அறை:

டீச்சருக்கு எழுதி, எங்களைப் போன்ற ஐ.டி. ஆட்களையும் சிசியில் போடுங்கள் அக்கா. அந்த வகுப்பு வயதுக்குப் படம் பார்த்து நுழையும் அட்டை, க்யூஆர் அட்டை எல்லாம் உண்டு, பிறந்த தேதி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பாஸ்வேர்டை மட்டும் மெயிலில் எழுதிவிடாதீர்கள்.